நகரக் காட்சியை அடர் நிறங்களில் தீட்டும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஆயில் பெயின்டில் நான் தீட்டிய முதல் நகரக் காட்சியில் ஆரஞ்சுச் சுவர், பச்சை வானம், சிவப்புச் சாலை எல்லாம் இருந்தன. தெருதான் இல்லை. எந்தக் கட்டடம் முன்னால் நிற்கிறது, எது பின்னால் போகிறது என்றே புரியவில்லை. போனில் படமெடுத்துக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். மொத்த கேன்வாஸும் ஒரே சாம்பல்!

அடர் நிறத்துக்கு ஆசைப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் விழுவது இந்தக் குழியில்தான். நிறத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம்; இருட்டிலும் வெளிச்சத்திலும் சொன்னால் மாட்டிக்கொள்வோம். பிரெஞ்சு ஓவியர் ஆந்த்ரே தெரேன் 1906-ல் லண்டன் பாலங்களையும் தேம்ஸ் ஆற்றையும் கண்ணால் காணாத நிறங்களில் தீட்டினார். ஆனாலும் பாலம் பாலமாகத்தான் தெரிகிறது. அதனால் ட்யூபைத் திறக்குமுன் உள்ளங்கை அளவில் ஒரு பென்சில் படம் போடுங்கள். இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்றே அளவு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எது எதில் சேரும் என்பது தெரிந்துவிடும்.

இதில் மஞ்சள் ஒரு தனித் தொல்லை. அது பிறவியிலேயே வெளிச்சமான நிறம். மஞ்சள் சுவரின் நிழலுக்குக் கருப்பைக் கலந்தால் பாசி பிடித்த பச்சை வரும். கருப்பை விட்டுவிட்டு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்புக்கோ ஊதாவுக்கோ தாவிவிடுங்கள். நிழல் மஞ்சளாகவே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

அடுத்தது, எல்லா நிறமும் ஒரே நேரத்தில் கத்துவது. ஓர் ஆரஞ்சு ஜன்னல் எரிய வேண்டுமானால் பக்கத்துச் சுவர் கொஞ்சம் அடங்க வேண்டும். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் நல்ல சாம்பல் கிடைக்கும். அதில் துளி வெள்ளை சேர்த்தால் அந்தச் சுவர் தயார். வெளிச்சம் வேண்டும் என்று எல்லாவற்றிலும் வெள்ளையைக் கொட்டினால் படம் சுண்ணாம்பு அடித்தது போல வெளிறிவிடும்.

நிறங்கள் கலங்கிச் சேறாவது பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈர வண்ணத்தின் மேல் பிரஷை மூன்று நான்கு முறை தேய்த்தால் கீழே இருப்பது மேலே வந்துவிடும். பிரஷ் நிறைய வண்ணம் எடுத்து, ஒரே இழுப்பு, கையை எடுத்துவிடுங்கள். காட்மியம் சிவப்பும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் பளிச்சென்ற ஊதா வராது, பழுப்புதான். அதற்குக் காட்மியம் சிவப்புக்குப் பதிலாகக் குயினாக்ரிடோன் மெஜந்தா என்ற ஊதா சாய்ந்த சிவப்பு வேண்டும். தேலோ நீலத்தைக் கடுகளவு எடுங்கள், அது பேலட்டையே விழுங்கிவிடும்.

ஜன்னல்களை எண்ணி எண்ணி வரையாதீர்கள். நாலைந்து போதும், மீதியைப் பார்க்கிறவர் கண்ணே போட்டுக்கொள்ளும். ஆனால் கோடுகள் எங்கே சேர்கின்றன என்பதில் அலட்சியம் கூடாது: நிறம் எவ்வளவு துணிச்சலாக இருந்தாலும், கண் மட்டத்துக்கு மேலே உள்ள கூரைக் கோடு தூரம் போகப் போக இறங்கத்தான் வேண்டும்.

அப்புறம், அடுக்கு. கீழ் அடுக்கு டர்பன்டைன் கலந்து மெல்லியதாக, மேலே போகப் போக எண்ணெய் கூடுதலாக. மாற்றிப் போட்டால் மேல் அடுக்கு முதலில் காய்ந்து பிறகு வெடிக்கும். கத்தியால் தடிமனாக அப்பிய படம் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே வார்னிஷ் பூசாதீர்கள். ஆறு மாதமாவது பொறுங்கள்.

பிரஷ் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிவதும் தவறுதான். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளலாம். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.