அரட்டைக் குழுவில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: முதல் சாகசத்தை நடத்துவது எப்படி?

வீடியோ கேமும் மாயாஜாலக் கதையும் பிடித்த ஐந்து பேர் டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் ஒரு குழுவாக இருந்தால் போதும், ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை ஆடிவிடலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து உட்கார வேண்டியதில்லை. ஒருவர் காலையில் பஸ்ஸில் போகும்போது, இன்னொருவர் ராத்திரி சாப்பிட்ட பிறகு என்று அவரவர் நேரத்தில் ஒரு பதிவு போட்டாலே கதை நகரும்.

ஆனால் 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளியிட்ட இந்த விளையாட்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவதற்காக எழுதப்பட்டது. விதிகளை அப்படியே அரட்டைக்குத் தூக்கி வந்தால் இரண்டாவது வாரமே குழுவில் பேச்சுமூச்சு இருக்காது. மேசையில் ஒரு கேள்விக்குப் பதில் மூன்று நொடியில் வரும். அரட்டையில் அதற்கே ஆறு மணி நேரம் ஆகலாம். கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பைக் குறைப்பதற்கான வழிகள்தான்.

படி 1: விதிகளும் ஆட்களும்

காசு கொடுத்துப் புத்தகம் வாங்கத் தேவையில்லை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 என்ற ஆவணத்தை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2024-இல் திருத்திய விதிகளும் வந்திருக்கின்றன. எதை எடுத்தாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் 2014 பதிப்புக்கானவை.

ஒருவர் கதையை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்), நால்வர் ஆட்டக்காரர்கள். ஆட்டக்காரர்கள் ஆறு பேரைத் தாண்டினால் அரட்டையில் சமாளிப்பது கஷ்டம்.

படி 2: மூன்று சேனல்கள்

‘கதை’, ‘பகடை’, ‘அரட்டை’ என்று மூன்று சேனல் திறங்கள். கதை சேனலில் பாத்திரங்கள் சொல்வதும் செய்வதும் மட்டும். பகடை சேனலில் எண்கள். மற்ற எல்லாம் அரட்டையில்.

புதிதாக நடத்துபவர்கள் பலர் அரட்டை சேனலை வெட்டிப்பேச்சு என்று நினைத்து அடக்கப் பார்ப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புதிதாக வந்த கேமைப் பற்றிச் சண்டை போடுவது, விண்கலம் ஒளியை மிஞ்சிப் போக முடியுமா என்று விடிய விடிய வாதாடுவது, மந்திரவாதி போன பதிவில் செய்த கூத்தைக் கலாய்ப்பது எல்லாம் நடந்தால்தான் ஆட்கள் தினமும் குழுவைத் திறப்பார்கள். திறந்தால்தான் கதைக்கும் பதில் வரும். அரட்டை நின்றுபோன குழுவில் ஆட்டமும் சீக்கிரமே நின்றுபோகும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: கேம், நாவல், தொடர் எதன் முடிவைப் பற்றிப் பேசினாலும் மறைத்துப் போட வேண்டும். டிஸ்கார்டில் வாக்கியத்தின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு செங்குத்துக் கோடு போட்டால் அது கறுப்புப் பட்டையாகிவிடும், தட்டினால்தான் தெரியும். எந்தக் கதையின் முடிவு என்பதைப் பட்டைக்கு வெளியே எழுதச் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் தட்டலாமா வேண்டாமா என்று படிப்பவர் எப்படி முடிவு செய்வார்?

கதையை த்ரெட்டில் (சேனலுக்குள் கிளைக்கும் தனி உரையாடலில்) நடத்தாமல் சேனலிலேயே நடத்துங்கள். சில நாள் யாரும் எழுதாவிட்டால் த்ரெட் தானாகவே பட்டியலிலிருந்து ஒதுங்கிவிடும். பிறகு எல்லாரும் அதை மறந்துவிடுவார்கள்.

படி 3: தயார் பாத்திரங்கள்

பாத்திரம் உருவாக்கும் வேலையை முதல் சாகசத்தில் ஆட்டக்காரர்களிடம் விட்டால், அந்த விவாதத்திலேயே ஒரு வாரம் போய்விடும். டிஎம் நான்கு பாத்திரங்களைத் தயார் செய்து சேனலில் பின் (pin) பண்ணிவிட்டால், பெயரும் குணமும் ஆட்டக்காரர்கள் வைத்துக்கொள்ளலாம். முதல் நிலைக்கு, அதாவது ஆரம்பப் பாத்திரத்துக்கு, இந்த எண்கள் சரியாக வரும் (கவசம் என்பது அவரைத் தாக்க எதிரி எட்ட வேண்டிய எண், அடி என்பது உயிர்ப்புள்ளியில் குறையும் அளவு):

வீரன்: உயிர்ப்புள்ளி 12, கவசம் 16, தாக்குதலுக்கு +5, அடி 8 பக்கப் பகடை + 3.
மந்திரவாதி: உயிர்ப்புள்ளி 8, கவசம் 12. நெருப்புக்கணை +5, அடி 10 பக்கப் பகடை.
பூசாரி: உயிர்ப்புள்ளி 10, கேடயத்தோடு கவசம் 18, ஒரு நாளைக்கு இரண்டு மந்திரம்.
திருடன்: உயிர்ப்புள்ளி 10, கவசம் 14. வில்லுக்கு +5, அடி 6 பக்கப் பகடை + 3. கூட்டாளி பக்கத்தில் நிற்கும் எதிரியை அடித்தால் இன்னொரு 6 பக்கப் பகடை.

படி 4: பகடை

எதைச் செய்தாலும் கணக்கு ஒன்றுதான்: 20 பக்கப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் கூட்டல் எண்ணைச் சேர்க்க வேண்டும். இலக்கு எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வெற்றி. எளிய காரியத்துக்கு இலக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20.

+5 இருப்பவர் இலக்கு 15-ஐ எட்ட 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 55 சதவீதம். அனுகூலம் கொடுத்தால், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளச் சொன்னால், அதே வாய்ப்பு ஏறக்குறைய 80 சதவீதம் ஆகிவிடும். ஆட்டக்காரர் நல்ல யோசனையோடு வந்தால் அனுகூலத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.

உருட்டுவதற்கு டைஸ் பாட் (தானாகப் பகடை உருட்டும் நிரல்) ஒன்றைக் குழுவில் சேர்த்துவிடுங்கள். அவ்ரே என்ற பாட் இந்த விளையாட்டுக்காகவே செய்தது. பாட் போட்ட எண்ணை ஆட்டக்காரர் திருத்த முடியாது என்பதால் சந்தேகத்துக்கே இடமில்லை.

படி 5: கதைப் பதிவு எழுதுவது

ஆட்டம் நிலைப்பதும் படுத்துவிடுவதும் இங்கேதான். “இருட்டுக் குகைக்குள் வந்துவிட்டீர்கள். என்ன செய்கிறீர்கள்?” என்று எழுதினால், என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்பார், டிஎம் பதில் சொல்வார், பொறி உண்டா என்று இன்னொருவர் தேடுவார், டிஎம் பகடை கேட்பார். ஒன்றுமே நடக்காமல் மூன்று நாள் போயிருக்கும். அதே இடத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

“குகைக்குள் முப்பது அடி போனதும் வழி இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் புகை வாடை. யாரோ கறி சுடுகிறார்கள். வலப்பக்கம் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர், அதில் ஒற்றைச் செருப்பு மிதக்கிறது. திருடனுக்கு மட்டும் தெரிவது: தண்ணீருக்கடியில் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கிறது. அதை அவிழ்க்க இலக்கு 15. எட்டினால் சத்தமில்லாமல் கடக்கலாம். தவறினால் உள்ளே எங்கோ மணி அடிக்கும்.”

திருடனிடம் பகடை கேட்காமலே கயிற்றைக் காட்டியாயிற்று. விதிப்புத்தகத்தில் இதற்குச் செயலற்ற கவனம் என்று ஓர் எண் உண்டு: 10-உடன் பாத்திரத்தின் கவனத்துக்கான கூட்டல். நம் திருடனுக்கு அது 13. மறைந்திருப்பதைக் காண வேண்டிய இலக்கு 13 அல்லது குறைவு என்றால் நேராகச் சொல்லிவிடலாம். நால்வரின் எண்களையும் ஒரு தாளில் குறித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலக்கையும் இரண்டு விளைவுகளையும் முன்கூட்டியே சொல்லிவிட்டதையும் கவனியுங்கள். திருடன் உருட்டி, முடிவைத் தானே எழுதி, அடுத்த அடியையும் வைத்துவிடலாம். ஆட்டக்காரர்களையும் “கயிறு அவிழ்ந்தால் முன்னால் போகிறேன், மணி அடித்தால் பாறைக்குப் பின்னால் பதுங்குகிறேன்” என்று இரண்டு வழிக்கும் சேர்த்தே எழுதப் பழக்குங்கள்.

படி 6: சண்டை

விதிப்படி ஒவ்வொருவரும் முறை எண் உருட்டி, பெரிய எண்ணிலிருந்து வரிசையாக ஆட வேண்டும். அரட்டையில் இது பெரும் தொல்லை. முதல் ஆள் தூங்கிக்கொண்டிருந்தால் மற்ற மூவரும் காத்துக் கிடப்பார்கள். ஒரே சுற்றுக்கு நான்கு நாள்கூட ஆகும்.

அதனால் எல்லாருக்கும் டிஎம் உருட்டிவிட வேண்டும். எதிரியை விட அதிக எண் வந்தவர்கள் முதலில் ஒருமுறை ஆடுவார்கள். அதன்பின் எதிரிகள் எல்லாரும், பிறகு ஆட்டக்காரர்கள் நால்வரும், மறுபடி எதிரிகள் என்று கூட்டம் கூட்டமாகப் போகலாம். நால்வரில் யார் முந்தினாலும் சரி. நாளுக்கு ஒரு சுற்று முடிந்துவிடும்.

எதிரியின் கவச எண்ணையும் உயிர்ப்புள்ளியையும் வெளிப்படையாகப் போடுங்கள். ரகசியமாக இருந்தால்தான் விறுவிறுப்பு என்று சில பழைய ஆட்டக்காரர்கள் வாதாடுவார்கள். மேசையில் அது உண்மை. அரட்டையில் “15 உருட்டினேன், பட்டதா?” என்ற கேள்விக்கே அரைநாள் வீணாகும். கவசம் 15 என்று தெரிந்தால், தாக்குதலையும் அடியையும் ஒரே பதிவில் உருட்டி, எதிரி விழுந்த அழகையும் அவரே எழுதுவார். எழுதும் அந்தச் சந்தோஷம் ஆட்டக்காரருக்குத்தான் போக வேண்டும்.

எத்தனை எதிரிகளை வைப்பது? கோப்ளின் என்ற சின்ன அரக்கன் நல்ல தொடக்கம். பெயரை மட்டும் குட்டிச்சாத்தான் என்று மாற்றிக்கொண்டால் இன்னும் சுவை. கவசம் 15, உயிர்ப்புள்ளி 7, தாக்குதல் +4, அடி 6 பக்கப் பகடை + 2. நால்வருக்கு எதிரே நான்கு என்றால் சமபலம் போலத் தோன்றும். ஆனால் விதிப்புத்தகக் கணக்கில் முதல் நிலை நால்வருக்கு நான்கு கோப்ளின் என்பது ‘உயிராபத்து’ வரிசையில் வருகிறது. மூன்று ‘கடினம்’, இரண்டு ‘எளிது’. காரணம் மந்திரவாதியைப் பார்த்தால் புரியும்: கவசம் 12 என்பதால் கோப்ளினின் அடி 65 சதவீதம் படும், சராசரி அடி 5.5, அவருக்கு இருப்பதோ 8 புள்ளி. இரண்டு அடியில் விழுந்துவிடலாம்.

முதல் சண்டைக்கு இரண்டு, கடைசிச் சண்டைக்கு மூன்று வையுங்கள். மந்திரவாதியிடம் உறக்க மந்திரம் இருக்கட்டும்: ஐந்து 8 பக்கப் பகடை, சராசரி 22.5 உயிர்ப்புள்ளி அளவுக்கு எதிரிகளைத் தூங்கவைக்கும். மூன்று கோப்ளினுக்குச் சேர்த்து 21. சரியான நேரத்தில் போட்டால் மொத்தக் கும்பலும் சாயும். அன்றைக்கு அரட்டை சேனல் அல்லோலகல்லோலப்படும்.

எதிரியின் முறையில் குறுக்கிடும் மந்திரங்களுக்கு நிலையான கட்டளை வாங்கிவிடுங்கள். கேடய மந்திரம் கவசத்தை 5 கூட்டும். “5 கூடினால் அடி தவறும் என்றால் போட்டுவிடு” என்று மந்திரவாதி ஒருமுறை எழுதிக் கொடுத்தால் நடுவில் நிறுத்திக் கேட்க வேண்டியதில்லை.

படி 7: 24 மணி நேர விதி

தொடங்கும் முன்பே எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டியது இது: 24 மணி நேரத்தில் பதிவு வராவிட்டால் அந்தப் பாத்திரத்தை டிஎம் நகர்த்துவார். சண்டையில் பக்கத்து எதிரியை அடிப்பார், மற்ற நேரத்தில் கூட்டத்தோடு நடப்பார். அரிய மந்திரத்தையோ மருந்தையோ செலவழிக்க மாட்டார். பரீட்சை, வெளியூர்ப் பயணம் என்றால் முன்கூட்டிச் சொன்னால் போதும்.

தொடர்ந்து மூன்று முறை ஒருவர் தவறினால் தனிச்செய்தியில் கேளுங்கள், பொதுவில் வேண்டாம். பெரும்பாலும் ஆர்வம் குறைந்திருக்காது. கதை எங்கே நிற்கிறது என்பது விட்டுப்போயிருக்கும், மேலே போய் நூறு பதிவு படிக்கக் கூச்சம். இதற்காகவே ஞாயிறுதோறும் ஐந்து வரியில் ‘இதுவரை’ என்று எழுதிப் பின் செய்யுங்கள்: எங்கே இருக்கிறோம், யாருக்கு எவ்வளவு உயிர், கையில் என்ன பொருள், எது பாக்கி, இப்போது யார் முறை.

சாகசத்தின் நீளம் மூன்று காட்சிதான்: குகைக்குள் நுழைவது, உள்ளே ஒரு சிக்கல், கடைசிச் சண்டை. தினம் ஒரு பதிவு என்றால் மூன்று, நான்கு வாரம் வரும். முடிந்ததும் அனுபவப் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டிராமல் எல்லாரையும் இரண்டாம் நிலைக்கு ஏற்றிவிடுங்கள். அடுத்த கதையை வேறு யாராவது நடத்த விரும்புகிறார்களா என்று அரட்டையில் கேளுங்கள். இல்லாவிட்டால் டிஎம் இரண்டு வாரம் ஓய்வு எடுத்துக்கொண்டு திரும்பலாம். அதுவரை அரட்டை சேனல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கட்டும்.