கெமிஸ்ட்ரி படிச்சிட்டு பேட்டன்ட் லைனுக்கு வர்றீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சவங்க, பிஎச்டி பண்ணி லேப் வாழ்க்கை போதும்டா சாமின்னு ஆனவங்க எல்லாம் இப்போ பேட்டன்ட் பக்கம் நிறைய வர்றாங்க, வந்த உடனே ஓடிப்போய் எல்எல்பி சேர்ந்துடறாங்க. அவ்ளோ அவசரம் தேவையில்ல. இந்தியால பேட்டன்ட் ஏஜென்ட் ஆக சயின்ஸ் இல்லன்னா இன்ஜினியரிங் டிகிரி இருந்து பேட்டன்ட் ஆபீஸ் நடத்துற எக்ஸாம பாஸ் பண்ணா போதும், கோர்ட்ல நின்னு வாதாடணும்னாதான் லா.

அடுத்தது, இங்க பாஸ் பண்ணா எல்லா ஊர்லயும் செல்லும்னு நினைக்கறது. செல்லாது. அமெரிக்கால அவங்க பேட்டன்ட் ஆபீஸ் எக்ஸாம் தனி, அதுவும் இந்தியால உக்காந்துகிட்டு இந்திய பாஸ்போர்ட்ட வச்சு ரிஜிஸ்டர் ஆக முடியாது, அட்டர்னின்னு (பேட்டன்ட் வக்கீல்) போட்டுக்கணும்னா மேல பார் எக்ஸாம் வேற. ஐரோப்பால அங்க பதிவான அட்டர்னிகிட்ட 3 வருஷம் ட்ரெயினிங் இருக்கணும்.

சரி, பெரிய தப்புக்கு வருவோம். ஒரே டிராஃப்ட (பேட்டன்ட் விண்ணப்பத்துக்கு எழுதறது) எல்லா நாட்டுக்கும் தூக்கிப் போடறது. கிளிவெக்ங்கற ரத்தப் புற்றுநோய் மருந்து கேஸ் தெரியாதவங்க இந்த லைன்ல இருக்கவே கூடாதுன்னு சொல்வேன். நோவார்ட்டிஸ் கம்பெனி 1998ல நம்ம சென்னை பேட்டன்ட் ஆபீஸ்ல ஃபைல் பண்ணது, அந்த மருந்துல இருக்கற இமாட்டினிப் மெசிலேட்டோட பீட்டா கிரிஸ்டல்ங்கற ஒரு படிக வடிவம். 2006ல சென்னையிலயே ரிஜெக்ட், 2013 ஏப்ரல் 1ம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் முடியாதுன்னுடுச்சு, ஆனா அதே கிரிஸ்டலுக்கு அமெரிக்கால பேட்டன்ட் கிடைச்சுது! காரணம் நம்ம பேட்டன்ட் சட்டத்தோட செக்‌ஷன் 3(டி), ஏற்கனவே தெரிஞ்ச பொருளோட புது வடிவம் மருந்தா இன்னும் நல்லா வேலை செய்யலன்னா பேட்டன்ட் கிடையாதுங்கற விதி. பவுடர் நல்லா கொட்டுது, ஈரம் கம்மியா இழுக்குது, கெடாம இருக்குதுங்கற டேட்டாலாம் இங்க எடுபடாது, நோய் குணமாகறதுல என்ன முன்னேற்றம்னு காட்டணும். அந்த டேட்டாவ முதல் டிராஃப்ட் எழுதும்போதே சயின்டிஸ்ட்கிட்ட கேட்டு வாங்குங்க, ரிஜெக்‌ஷன் வந்தப்புறம் அவர் வேற கம்பெனிக்கு போயிருப்பார்.

இன்னொன்னு, அமெரிக்காவுக்கு எழுதும்போது பண்ணாத எக்ஸ்பெரிமென்ட்ட "80 டிகிரில சூடு பண்ணினோம், வெள்ளை பவுடர் கிடைச்சுது"ன்னு நடந்த மாதிரி எழுதாதீங்க. எதிர்பார்க்கற ரிசல்ட்ட எக்ஸாம்பிளா போடலாம், தப்பில்ல, ஆனா "சூடு பண்ணப்படுது"ன்னு நிகழ்காலத்துல இருக்கணும். 2003ல ரோஷ் – ப்ரோமெகா கம்பெனிகளோட கேஸ்ல, டிஎன்ஏவ நகல் எடுக்கற டாக் என்சைம் பேட்டன்ட்ல இருந்த ஒரு எக்ஸாம்பிள் இப்படித்தான் மாட்டுச்சு, ஏமாத்தற நோக்கம்னே கோர்ட் எடுத்துக்கிச்சு.

ப்ரொஃபசர் யாராச்சும் "பேப்பர் வந்துடுச்சு, அதனால என்ன, ஃபைல் பண்ண ஒரு வருஷம் டைம் இருக்கே"ன்னா அது அமெரிக்க கணக்கு, ஐரோப்பால பப்ளிஷ் ஆச்சுன்னா கதை முடிஞ்சுது. அதே மாதிரி இந்தியால இருக்கற இன்வென்டர் வச்சுகிட்டு நேரா வெளிநாட்டுல ஃபைல் பண்ணக்கூடாது, முதல்ல இங்க ஃபைல் பண்ணி 6 வாரம் போகணும், இல்ல செக்‌ஷன் 39ல பர்மிஷன் வாங்கணும்.

கடைசியா பழைய நோட்ஸ். எக்ஸாமினேஷன் கேக்க, அதாவது விண்ணப்பத்த பரிசீலிக்கச் சொல்லி பேட்டன்ட் ஆபீஸ்கிட்ட கேக்க, 48 மாசம் டைம்னு இன்னும் சீனியர்ஸ் ஜெராக்ஸ்ல ஓடிட்டு இருக்கு, 2024 மார்ச் 15லேர்ந்து ஃபைல் பண்றதுக்கெல்லாம் அது 31 மாசம்தான். தேதி தவறுச்சுன்னா திட்டு வாங்கறது சீனியர் இல்ல, நீங்கதான்.