பாதி மட்டும் படிக்கப்பட்ட சில்லு: என் அனுபவம்

காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் விளையாட்டு இயந்திரங்களின் மின்பலகைகளிலுள்ள, நிரலும் படங்களும் பதிந்த ரோம் சில்லுகளைப் படித்து, எமுலேட்டரில் (பழைய இயந்திரம் போலவே கணினியில் இயங்கும் மென்பொருளில்) ஓடும்படி காத்துவைக்கும் தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். ஒரு விளையாட்டு ஐந்து நாள்களைத் தின்றுவிட்டது. முதல் இரண்டு கட்டங்கள் ஒழுங்காக ஓடின. மூன்றாவதில் எதிரிகளுக்குப் பதிலாக மரக்கிளைகளும் எழுத்துத் துண்டுகளும் பறந்து வந்தன.

முதலில் எமுலேட்டர் நிரலைச் சந்தேகித்து, உருவம் வரையும் பகுதியைத் திருத்தித் திருத்திப் பார்த்தேன். வீண். உருவங்கள் இருந்த சில்லை மூன்று முறை மீண்டும் படித்தேன்; சிஆர்சி மதிப்பு (படித்த தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) மாறவில்லை. வேறு கருவியில் படித்தாலும் அதே மதிப்பு. அந்த ஒற்றுமைதான் என்னை ஏமாற்றியது.

கடைசியில் 64 கிலோபைட் கோப்பை நடுவில் வெட்டி ஒப்பிட்டேன். இரு பாதிகளும் அச்சு அசலாக ஒன்றே! சிறிய தரவைப் பெரிய சில்லில் இருமுறை எழுதுவதும் உண்டு என்பதால் இதையும் விட்டிருப்பேன். ஆனால் இந்த 27512 வகைச் சில்லில் முதல் உலோகக் கால்தான் (பின்) ஏ15, அதாவது பாதியைத் தேர்ந்தெடுக்கும் முகவரிக் கோடு. உருப்பெருக்கியில் பார்த்தால் அந்தக் கால் மட்டும் கன்னங்கரேல் என்றிருந்தது. தொடர்பே கிடைக்காமல் கீழ்ப்பாதியையே இருமுறை படித்திருக்கிறோம்.

கண்ணாடியிழைத் தூரிகையால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துப் படித்தேன். மேல்பாதி வேறாக வந்தது, எதிரிகளும் வந்தார்கள். அப்பாடா!

சேமிப்பிலுள்ள பழைய கோப்புகளையும் இப்படி வெட்டிப் பார்த்தேன். இன்னும் இரண்டு சிக்கின. அவற்றின் பலகைகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.