அகலத்திரை மானிட்டர்: இன்ச்சைப் பார்ப்பதற்கு முன் போர்ட்டைப் பாருங்கள்

யாராவது அகலத்திரை மானிட்டர் வாங்க யோசனை கேட்டால், பேச்சு எப்போதும் இன்ச்சில்தான் ஆரம்பிக்கும். 29 போதுமா, 34 வாங்கலாமா, வளைந்த திரை நல்லதா, தட்டைத் திரை நல்லதா. நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன்: உங்கள் லேப்டாப்பிலிருந்து படம் வெளியே வர என்ன வழி இருக்கிறது? "ஹெச்டிஎம்ஐ இருக்கே" என்பார்கள். எந்த ஹெச்டிஎம்ஐ என்று கேட்டால் பதில் வராது.

21:9 விகிதத் திரையை முதல்முறையாக வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டாண்டில் திருகு முடுக்குவது போன்றவற்றைப் பெட்டியில் இருக்கும் தாளே சொல்லிவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: கணினியின் போர்ட்டை அடையாளம் காணுங்கள்

15 துளைகள் கொண்ட நீலநிற விஜிஏ மட்டும்தான் இருக்கிறது என்றால், அகலத்திரை ஆசையை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். 1987-இல் வந்த அனலாக் இணைப்பு அது. வெள்ளை நிற டிவிஐ அதற்கு அடுத்த தலைமுறை. ஒற்றை இணைப்பு வகை 1920 × 1200 புள்ளிகள் வரையும், இரட்டை இணைப்பு வகை 2560 × 1600 வரையும் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் வேகத்தில் தரும். பெரிய அகலத்திரைகளின் 3440 புள்ளி அகலத்துக்கு அதுவும் உதவாது.

மிச்சம் மூன்று. இரண்டு கீழ் மூலைகளும் சரிந்திருப்பது ஹெச்டிஎம்ஐ. ஒரே ஒரு மூலை மட்டும் வெட்டியது போல் இருப்பது டிஸ்ப்ளேபோர்ட். இரண்டு பக்கமும் உருண்டையாக, எப்படித் திருப்பினாலும் நுழைவது யுஎஸ்பி-சி.

இதில் யுஎஸ்பி-சிதான் ஆளை ஏமாற்றும். வடிவம் ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒரே வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. சில போர்ட்களில் தகவல் மட்டும் போகும், சிலவற்றில் சார்ஜும் ஏறும், சிலவற்றில்தான் படம் வரும். போர்ட்டின் பக்கத்தில் தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ, டிஸ்ப்ளேபோர்ட்டின் சின்னமோ இருந்தால் படம் வரும். எந்தக் குறியும் இல்லையென்றால் லேப்டாப்பின் விவரப் பட்டியலில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லையென்றால் படம் வரும் என்று நம்பி வாங்காதீர்கள்.

ஹெச்டிஎம்ஐயின் பதிப்பு எண் போர்ட்டின் மேல் எழுதியிருக்காது. இன்டெல் செயலி என்றால், மாடல் எண்ணைப் போட்டு இன்டெல் தளத்தில் பாருங்கள். ஹெச்டிஎம்ஐக்கான அதிகபட்ச ரெசல்யூஷன் என்ற வரியில் 24 அல்லது 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அது 1.4, அதாவது 2.0-ஐ விட வேகம் குறைந்த பழைய பதிப்பு. எட்டாம், ஒன்பதாம் தலைமுறைச் செயலிகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வரும். சில லேப்டாப்களில் தனிச் சிப் ஒன்றைச் சேர்த்து 2.0 ஆக்கியிருப்பார்கள். அதற்கு எதிர்மாறாக, செயலி 2.0 தாங்கினாலும் லேப்டாப்பில் 1.4 மட்டும் கொடுத்திருப்பதும் உண்டு, குறிப்பாக விலை குறைந்த மாடல்களில். ஆகவே செயலியின் பக்கத்தை மட்டும் பார்த்து நின்றுவிடாமல் லேப்டாப் மாடலின் பக்கத்தையும் பாருங்கள்.

மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் போக வேண்டும். மேலே மதர்போர்டில் இருக்கும் ஹெச்டிஎம்ஐயில் மாட்டினால், கார்டுக்குக் கொடுத்த காசு வீண்.

படி 2: அளவு

21:9 என்று விளம்பரத்தில் போட்டாலும், சந்தையில் அதிகம் இருப்பவை இரண்டுதான்: 2560 × 1080, 3440 × 1440.

இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலத்திரையில் அந்த எண்ணைப் பார்த்து உயரத்தை ஊகிக்க முடியாது. 29 இன்ச் அகலத்திரையின் உயரம், சாதாரண 23 இன்ச் மானிட்டரின் உயரம்தான். ஏற்கெனவே 24 இன்ச் வைத்திருப்பவர் 29 வாங்கினால், புதுத் திரை குள்ளமாகிவிட்டதே என்று தோன்றும். 34 இன்ச் அகலத்திரை கிட்டத்தட்ட 27 இன்ச் சாதாரணத் திரையின் உயரத்தில் இருக்கும். அதன் அகலம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். மேசையை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

அடுத்தது புள்ளி அடர்த்தி. 34 இன்ச்சில் 3440 × 1440 என்றால் ஓர் இன்ச்சுக்குச் சுமார் 110 புள்ளிகள். அதே 34 இன்ச்சில் 2560 × 1080 என்றால் 82 மட்டுமே. விலை குறைவாக இருக்கிறதே என்று பலர் இரண்டாவதை எடுத்துவிடுகிறார்கள். நாள் முழுக்கத் தமிழ் தட்டச்சு செய்பவர் அதை வாங்கவே கூடாது என்பது என் கருத்து. ஆங்கில எழுத்து அந்த அடர்த்தியிலும் சமாளித்துவிடும். ஞ, ணை, ஷ போன்ற சுழிகள் சின்ன எழுத்துருவில் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். பட்ஜெட் இடிக்கிறது என்றால் 29 இன்ச்சில் 2560 × 1080 பரவாயில்லை, அங்கே அடர்த்தி 96 வரும்.

திரையின் பேனலில் ஐபிஎஸ், விஏ என்று வகைகள் உண்டு, நான் ஐபிஎஸ் கட்சி. விஏ பேனலில் கறுப்பு நன்றாகக் கறுப்பாக இருக்கும், இரவில் படம் பார்க்க அருமை. ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும், அகலமான திரையில் ஓரங்களை நாம் எப்போதுமே பக்கவாட்டில்தான் பார்க்கிறோம். வளைவு அந்தக் குறையைக் கொஞ்சம் சரிக்கட்டுகிறது. 1800ஆர் என்றால் 1800 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. எண் குறையக் குறைய வளைவு கூடும்.

படி 3: ஒரே ஒரு பெருக்கல்

இதைப் போட்டுப் பார்த்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். 3440 × 1440 என்றால் 49,53,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட் நிறத் தகவல். நொடிக்கு 60 முறை. எல்லாவற்றையும் பெருக்கினால் நொடிக்கு 7.1 கிகாபிட் வரும். வரிகளுக்கு இடையில் விடும் வெற்று நேரத்தையும் சேர்த்தால் 7.7 என்று வைத்துக்கொள்ளலாம். 100 ஹெர்ட்ஸ் என்றால் ஏறக்குறைய 13. 144 என்றால் வெற்று நேரம் சேர்க்காமலே 17.

இப்போது போர்ட்கள் பக்கம் வாருங்கள். ஹெச்டிஎம்ஐ 1.4-க்கு 10.2 கிகாபிட் என்று போட்டிருக்கும், ஆனால் அதில் ஐந்தில் ஒரு பங்கு குறியீட்டு முறைக்கே போய்விடும். படத்துக்குக் கிடைப்பது 8.16. ஹெச்டிஎம்ஐ 2.0-இல் 18 என்று போட்டு 14.4 கிடைக்கும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இல் 17.28, 1.4-இல் 25.92. ஹெச்டிஎம்ஐ 2.1-இன் முழு வேகமான 48 கிடைத்தால் இந்தக் கவலையே வேண்டாம். 'முழு' என்ற சொல்லைக் கவனியுங்கள். 2.1 வந்த பிறகு 2.0 என்ற பெயரையே அதற்குள் சேர்த்துவிட்டார்கள். அதனால் பழைய வேகத்திலேயே ஓடும் ஒரு மானிட்டரையும் 2.1 என்று சொல்லி விற்க முடியும். பதிப்பு எண்ணை விட்டுவிட்டு, 'இந்த உள்ளீட்டில் 3440 × 1440 எத்தனை ஹெர்ட்ஸ்?' என்ற வரியை மானிட்டரின் கையேட்டில் தேடுங்கள். ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். 144 என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும், அது டிஸ்ப்ளேபோர்ட்டில் மட்டும், ஹெச்டிஎம்ஐயில் 100 தான் என்று கையேட்டின் உள்ளே இருக்கும்.

படி 4: கேபிளும் அடாப்டரும்

என் விருப்பம் டிஸ்ப்ளேபோர்ட். இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். லேப்டாப்பில் படம் தரும் யுஎஸ்பி-சி இருந்தால், ஒரு முனை யுஎஸ்பி-சி, மறுமுனை டிஸ்ப்ளேபோர்ட் என்று இருக்கும் ஒற்றைக் கேபிள் போதும். மானிட்டரிலேயே யுஎஸ்பி-சி இருந்தால் படமும் சார்ஜும் ஒன்றாகப் போகும். அந்த வசதிக்காகக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பேன். ஆனால் ஃபோனோடு வந்த சார்ஜர் கேபிளை அதில் மாட்டிவிட்டு 'படம் வரவில்லை' என்று தேடாதீர்கள். அந்தக் கேபிள்களில் பெரும்பாலும் படத்துக்கான கம்பிகளே இருக்காது.

யுஎஸ்பி-சியிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் வாங்கினால், '4கே 30 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருக்கிறதா, '4கே 60 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 30 என்றால் உள்ளே ஹெச்டிஎம்ஐ 1.4 வேகம்தான். உங்களிடம் 4கே மானிட்டர் இல்லாவிட்டாலும் இந்த எண்தான் துப்பு.

டிஸ்ப்ளேபோர்ட்-ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒருவழிப் பாதை. கணினியில் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டரில் ஹெச்டிஎம்ஐ என்றால் வேலை செய்யும். திருப்பி, லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். அதற்கு மின்சாரம் எடுத்து இயங்கும் மாற்றுப்பெட்டி தனியாக வேண்டும்.

ஹெச்டிஎம்ஐ கேபிளில் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' என்றால் 18 கிகாபிட், 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்றால் 48. தங்கமுலாம் பூசியது என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

படி 5: மாட்டியாச்சு, ஆனால் 50 ஹெர்ட்ஸ்

இங்கேதான் எனக்கு வேலை இழுத்தது. 34 இன்ச் மானிட்டரை, பெட்டியில் இருந்த ஹெச்டிஎம்ஐ கேபிளாலேயே இணைத்தேன். ரெசல்யூஷன் சரியாக 3440 × 1440 வந்தது, எழுத்து தெளிவாக இருந்தது. ஆனால் மவுஸ் அம்பு நகரும்போது ஒரு சின்னத் தடுக்கல். வீடியோவில் கேமரா பக்கவாட்டில் நகரும் இடங்களில் நொடிக்கொரு துள்ளல். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய்ப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸ். பட்டியலில் 60 என்ற தேர்வே கிடையாது.

மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸுக்குத் தேவை 7.7, ஹெச்டிஎம்ஐ 1.4 தருவது 8.16. நுழைய வேண்டும். இருந்தும் பல மானிட்டர்கள் 1.4 இணைப்பு என்று தெரிந்ததும் '50 தான் தாங்குவேன்' என்று கணினியிடம் சொல்லிவிடுகின்றன. கணினியும் அதற்கு மேல் கேட்பதில்லை. ஆக, கேபிள் மாற்றியும் பயனில்லை, டிரைவர் புதுப்பித்தும் பயனில்லை.

இந்த வரிசையில் முயன்று பாருங்கள். முதலில் மானிட்டரின் சொந்த மெனுவுக்குள் போய், ஹெச்டிஎம்ஐ 2.0 என்றோ 'டீப் கலர்' என்றோ ஒரு தேர்வு அணைந்து கிடக்கிறதா என்று தேடுங்கள். பல மானிட்டர்களில் அது ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனியாக இருக்கும். லேப்டாப் 2.0 ஆக இருந்தால் இதோடு தீர்ந்துவிடும். அடுத்து, படம் தரும் யுஎஸ்பி-சி இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள். இரண்டுக்கும் வழியில்லை என்றால்தான் மூன்றாவது: கிராஃபிக்ஸ் டிரைவரின் மென்பொருளில் 'கஸ்டம் ரெசல்யூஷன்' பகுதிக்குப் போய் 3440, 1440, 60 என்று கொடுத்து, டைமிங் என்ற இடத்தில் சிவிடி-ஆர்பி என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெற்று நேரத்தைக் குறைக்கும் முறை அது. சாதாரண சிவிடி கொடுத்தால் தேவை 1.4-இன் எல்லையைத் தாண்டிவிடும், படம் வராது. திரை கறுத்தால் பதறாமல் சில நொடிகள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள், பழைய நிலைக்கே திரும்பிவிடும். எனக்கு இந்த மூன்றாவது வழிதான் கைகொடுத்தது. எல்லா மானிட்டரும் இதற்கு ஒத்துக்கொள்ளும் என்று உத்தரவாதம் இல்லை.

60 வந்த பிறகும் ஒரு சோதனை. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் ஏதாவது தட்டச்சு செய்து பாருங்கள். எழுத்தின் ஓரம் கசிந்தது போல் இருந்தால், கணினி இதை டிவி என்று நினைத்து நிறத் தகவலைச் சுருக்கி அனுப்புகிறது. டிரைவர் மென்பொருளில் நிற வடிவத்தை ஆர்ஜிபி என்றும், வீச்சை 'ஃபுல்' என்றும் மாற்றுங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிவதும் பெரும்பாலும் இந்த வீச்சுக் கோளாறுதான்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

சினிமா திரையை நிறைக்குமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். படம் 2.39 விகிதத்தில் எடுக்கப்பட்டிருந்தால் நிறைக்க வேண்டும். ஆனால் இணையத்தில் பல படங்களை மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு சேர்த்தே 16:9 ஆக ஏற்றிவிடுகிறார்கள். அப்போது நான்கு பக்கமும் கறுப்பு, நடுவில் ஜன்னல் மாதிரி படம். உலாவியில் பெரிதாக்கிக் காட்டும் நீட்சிகள் இருக்கின்றன, அதில் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எம்1 சிப் உள்ள மேக்புக் ஏரில் இரண்டு மானிட்டர் மாட்ட முடியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சிப் வெளித்திரை ஒன்றைத்தான் நேரடியாகத் தாங்கும். அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு சின்னத் திரைக்குப் பதில் ஒரு அகலத்திரை உண்மையிலேயே நல்ல வழி.

டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் மாட்டியிருந்தால் மேசைக் கணினி கிளம்பவே மறுக்கிறது, கழற்றினால் கிளம்புகிறது என்று வந்த கேள்விக்கு: கேபிளைச் சந்தேகப்படுங்கள். தரமற்ற கேபிள்களில் 20-ஆம் பின்னை (இணைப்பியின் உள்ளே இருக்கும் சிறு உலோக முனை) இரு முனையிலும் இணைத்துவிடுவார்கள். இணைக்கக் கூடாத பின் அது. மானிட்டரிலிருந்து 3.3 வோல்ட் கணினிக்குள் பின்பக்கமாக ஏறி இந்தக் குழப்பத்தைச் செய்யும். டிஸ்ப்ளேபோர்ட் தரத்தை வகுக்கும் வெசா (VESA) அமைப்பின் சான்றிதழ் உள்ள கேபிளாக மாற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.