மழை மாதத்தில் விமான மரத்தை ஒட்டுபவர்களுக்கு

வரைபடத்தைப் பார்த்து வீட்டிலேயே மர விமானம் கட்டுகிறீர்களா? நம் குமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. அந்த ஈரத்தை மரம் குடித்துவிடும். விமானம் கட்டப் பயன்படும் ஸ்ப்ரூஸ் மரத்தின் ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதம் இருக்கும்போது ஒட்டுவதே நல்லது.

ஈரப்பதம் அளக்கும் மீட்டர் இல்லையா? ஒரு துண்டை எடை போட்டு, 103 டிகிரி செல்சியஸ் சூட்டில் எடை மேலும் குறையாத வரை உலர்த்துங்கள். 56 கிராம் 50 ஆனால், குறைந்த 6-ஐ 50-ஆல் வகுக்க வேண்டும்: 12 சதவீதம். சரி, ஒட்டலாம்.

அப்புறம், எபாக்ஸி பசை கலக்கும் ஒவ்வொரு முறையும் அதே மரத்தின் இரண்டு துண்டுகளை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். நன்றாக இறுகியதும் உளி வைத்துப் பிளந்து பாருங்கள். மர நார் கிழிந்து வந்தால் ஒட்டு உறுதி. பசை மட்டும் வழவழப்பாகப் பிரிந்தால், அந்தக் கலவையில் ஒட்டிய பாகத்தைத் தயங்காமல் ஒதுக்குங்கள். எத்தனை நாள் உழைப்பானாலும் சரி, அதை இறக்கைக்குள் வைக்காதீர்கள்.

ஒட்டிய துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்பை அளவுக்கு மீறி இறுக்கவும் வேண்டாம். எபாக்ஸி முழுவதும் பிதுங்கி வெளியே போய்விடும். ஊரில் நல்ல தேக்கு கிடைக்கிறதே என்று மரத்தை மாற்றாதீர்கள், அது ஸ்ப்ரூஸைவிடக் கனம்.