நோயிலிருந்து தேறிவரும்போது தனியே சைக்கிள் பயணம்: மறுநாள் காலையே அளவுகோல்

நல்ல உடம்போடு இருப்பவர் மிதித்துக் களைத்தால், ஒரு இரவு தூங்கி எழுந்ததும் சரியாகிவிடும். கீமோ, இதய அறுவை சிகிச்சை, கடுமையான நிமோனியா, பல நாள் ஐ.சி.யூ. என்று எதையாவது கடந்து வந்த உடம்புக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. இன்று அதிகமாக மிதித்ததன் பலன் நாளைக்கோ நாளை மறுநாளோ தெரியும். முதல் நாள் காற்றும் வெளிச்சமும் தரும் உற்சாகத்தில் 40 கி.மீ. போய்விட்டு, மூன்றாம் நாள் விடுதி அறையில் எழுந்திருக்க முடியாமல் கிடப்பவர்கள் நிறைய. ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அந்த உற்சாகம் இன்னும் ஏமாற்றும். எனவே எத்தனை கி.மீ. என்று கேட்காதீர்கள், மறுநாள் காலை எப்படி எழுந்தோம் என்று கேளுங்கள். சைக்கிள், மூட்டை, பாதை எல்லாவற்றையும் அந்தக் கேள்வியை வைத்தே முடிவு செய்யலாம்.

மருத்துவரிடம் என்ன கேட்பது

"சைக்கிள் ஓட்டலாமா?" என்று கேட்டால் "மெதுவாக ஓட்டுங்கள்" என்றுதான் பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், தொடர்ந்து நான்கு நாள், தனியாக, 8 கிலோ மூட்டையோடு போகப்போகிறேன். விழுந்தால் என்ன ஆகும்? என்ன அறிகுறி வந்தால் உடனே நிறுத்த வேண்டும்? என் மாத்திரைகளில் எது வெயிலுக்கும் வியர்வைக்கும் ஒத்துவராது?" என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நெஞ்செலும்பைத் திறந்து செய்த அறுவை சிகிச்சை என்றால் எலும்பு கூட ஏறக்குறைய 12 வாரம் ஆகும். அதற்கு முன் ஹேண்டில்பாரை இழுத்து மேடு ஏறுவதும், சாலையில் விழுவதும் ஆபத்து. உடற்பயிற்சி சைக்கிளை மட்டும் மருத்துவர் அனுமதித்த அளவுக்கு மிதிக்கலாம். வயிற்றில் அறுவை நடந்தவர்கள் மிதிப்பதைவிட, மூட்டையோடு சைக்கிளைத் தூக்குவதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். கீமோ நடந்துகொண்டிருந்தால், பெரும்பாலான மருந்துகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் மிகக் கீழே இறங்கும். அந்த நாட்களில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலே அவசர சிகிச்சைக்கான காரணம். ஊர் விட்டு ஊர் போகும் நேரம் அதுவல்ல. பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பக்கப் பார்வை குறைந்தவர்களும், வலிப்பு வந்தவர்களும் சோதித்து அனுமதி வாங்காமல் சாலையில் இறங்கவே கூடாது.

ஒரு கூட்டத்தாரை மட்டும் தனியே பிரித்துச் சொல்ல வேண்டும். வைரஸ் தொற்றுக்குப் பிறகு, சின்ன உழைப்புக்கே 12 முதல் 48 மணி நேரம் கழித்து எல்லா அறிகுறிகளும் மோசமாகி, நாட்கணக்கில் படுக்க வைக்கும் நிலை சிலருக்கு இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழகும் முறை இவர்களுக்கு உதவாது, கெடுக்கும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இதே அடையாளம் உள்ள நாட்பட்ட சோர்வு நோய்க்கு அந்த முறையைத் தரக் கூடாது என்றே சொல்லியிருக்கிறது. கீழே சொல்லும் படிகள் அவர்களுக்கானவை அல்ல.

உங்கள் அளவைக் கண்டுபிடிப்பது

சமதளச் சாலையில், மூட்டை இல்லாமல், 30 நிமிடம். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். பாட முடிந்தால் இன்னும் நல்லது. உழைப்பு எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்று நாமே எண் கொடுக்கும், 6 முதல் 20 வரை போகும் போர்க் அளவுகோலில் இது 11, 12. நாடித்துடிப்பை மட்டும் நம்பாதீர்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரை (மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்றவை) துடிப்பை ஏறவிடாது. உச்சத் துடிப்பைக் கண்டுபிடிக்க 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு அங்கே வெறும் எண்.

பிறகு இரண்டு காலைகள் காத்திருங்கள். இரண்டும் வழக்கம்போல இருந்தால் அடுத்த முறை 40 நிமிடம். ஒரு காலை கனமாக இருந்தால் அதே 30, மறுபடி. ஒரே மூச்சில் 2 மணி நேரம் மிதித்து இரண்டு காலையும் நன்றாக எழுந்தால், தொடர் நாட்களைச் சோதிக்கலாம்: இன்று 1 மணி, நாளை 1 மணி, பிறகு ஓய்வு. அதன்பின் மூன்று நாள் தொடர்ச்சி. மூன்றாம் நாளில் எவ்வளவு நேரம் சிரமமில்லாமல் மிதிக்க முடிந்ததோ, அதில் பாதிதான் முதல் பயணத்துக்கான நாள் அளவு. பாதி என்றால் குறைவாகத் தோன்றும். எதிர்க்காற்று, தெரியாத மேடு, தூக்கம் வராத புது அறை, தவறவிட்ட திருப்பம் எல்லாம் மீதிப் பாதியைத் தின்றுவிடும்.

நேரத்தை எண்ணுங்கள், கி.மீ.யை எண்ண வேண்டாம். மூட்டையோடு மணிக்கு 12 கி.மீ. போவதே நல்ல வேகம்.

சைக்கிளில் மாற்ற வேண்டியவை

முதலில் கியர். இதில் செலவழிக்கும் பணம் வீண்போகாது. சாதாரண நகரச் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்தில் 28 பல் என்று வையுங்கள். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.15 மீட்டர். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் 3.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 12 கி.மீ. ஆறு சதவீத மேட்டில் (100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரம்), ஆள், சைக்கிள், மூட்டை சேர்த்து 95 கிலோவை அந்த வேகத்தில் ஏற்ற 220 வாட்டுக்கு மேல் வேண்டும். தேறிவரும் உடம்பில் அது இருக்காது. வேகத்தைக் குறைத்தால் சுற்று குறையும், ஒவ்வொரு மிதியிலும் முழங்காலும் மூச்சும் திணறும். அதே சைக்கிளில் முன்னால் 26, பின்னால் 36 மாட்டினால் ஒரு சுற்றுக்கு 1.55 மீட்டர்தான். அதே 60 சுற்றில் மணிக்கு 5.6 கி.மீ.; தேவை ஏறக்குறைய 100 வாட். மேடு அதேதான், வேலை பாதிக்கும் கீழே. பின்னால் செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் கருவி (டெரெய்லர்) 36 பல்லைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தாங்காவிட்டால் அதையும் மாற்ற வேண்டும், செயினும் நீளமாக வேண்டும்.

மணிக்கு 5 கி.மீ.க்குக் கீழே சைக்கிள் ஆடத் தொடங்கும். அங்கே இறங்கிவிடுங்கள். ஆனால் மூட்டை ஏற்றிய சைக்கிளைத் தள்ளுவதும் சும்மா இல்லை. கையும் நெஞ்சும் அதில்தான் அதிகம் வலிக்கும்.

அடுத்தது கை. பாக்லிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின் போன்ற கீமோ மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போயிருக்கலாம். சைக்கிளை நிறுத்தி வைத்துக் கண்ணை மூடி பிரேக் லீவரை அழுத்துங்கள். பாதி அழுத்தியிருக்கிறோமா, முழுதுமா என்று விரலுக்குத் தெரிகிறதா? தெரியாவிட்டால் அந்தப் பிரேக்கோடு இறக்கத்தில் போகக் கூடாது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் ஒரு விரல் பலத்துக்கே பிடிக்கும். பெரும்பாலான லீவர்களில் உள்பக்கம் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகி லீவரை ஹேண்டில்பாருக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தால் விரலை நீட்டிப் பிடிக்கும் சிரமம் போகும். மரத்த காலுக்கு, ஷூவைப் பூட்டிக்கொள்ளும் பெடல் வேண்டவே வேண்டாம். சிறு முள் பதித்த அகலமான சாதாரண பெடல் போதும். அவ்வப்போது குனிந்து பாதம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

ஃபிரேம், காலைப் பின்னால் வீசி ஏற வேண்டியிராத தாழ்ந்த வகையாக இருக்கட்டும். களைத்த நேரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் பலர் விழுகிறார்கள். சீட்டை வழக்கத்தைவிட ஒரு விரல்கடை இறக்கினால் நிற்கும்போது காலூன்ற வசதி. முழங்கால் வலித்தால் மறுபடி ஏற்றுங்கள். மார்பக அறுவையில் அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்கள் ஹேண்டில்பாரை உயர்த்தி, கையில் விழும் எடையைக் குறைக்க வேண்டும்.

டயர் 40 மி.மீ.க்கு மேல், உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டையோடு. பஞ்சர் ஒட்டுவதை வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை முழுதாகச் செய்து பாருங்கள். டயரின் கடைசி 10 செ.மீ. ரிம்முக்குள் போக மறுக்கும். பலமில்லாத கட்டைவிரல் அங்கே தோற்கும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி, டயர் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் சுற்றிலும் அமுக்கிக்கொண்டே வந்து வால்வு அருகில் முடித்தால் தேவையான தளர்வு கிடைக்கும். அப்படியும் முடியாவிட்டால் டயர் மாட்டும் நெம்புகோல் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

மோட்டார் உதவும் சைக்கிள் நல்ல வழிதான், ஆனால் பலவற்றின் எடை 20 முதல் 25 கிலோ. படியிலோ ரயிலிலோ தூக்க ஆள் வேண்டும். இதயத் துடிப்பைச் சீராக்க உடலுக்குள் பேஸ்மேக்கர் அல்லது டிஃபிப்ரிலேட்டர் பொருத்தியவர்கள், அந்தக் கருவியைக் கவனிக்கும் மருத்துவமனையில் கேட்ட பிறகே வாங்கலாம். காந்தத்தில் ஒட்டும் போன் ஸ்டாண்டை நெஞ்சிலிருந்து 15 செ.மீ.க்குள் கொண்டுவரக் கூடாது.

மூட்டையும் மருந்தும்

மொத்தம் 8 கிலோ, சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கும் பைகளில். முதுகுப்பை வேண்டாம், கீமோ போர்ட் (மருந்து ஏற்ற நெஞ்சுத் தோலுக்கடியில் பதித்த சிறு கருவி) வைத்திருப்பவர்களுக்குப் பையின் பட்டை உரசும். கூடாரத்தையும் விட்டுவிடுங்கள். நல்ல தூக்கம் இந்தப் பயணத்தின் முதல் மருந்து. சைக்கிளைத் தூக்க நேர்ந்தால் பைகளைக் கழற்றிவிட்டுத் தூக்குங்கள், நாளுக்குப் பத்து முறை என்றாலும்.

மாத்திரைகளை இரண்டு முழுத் தொகுதிகளாகப் பிரித்து, ஒன்றை உடம்போடு ஒட்டிய இடுப்புப் பையிலும் மற்றொன்றைச் சைக்கிளிலும் வையுங்கள். பயண நாட்களோடு நான்கு நாள் உபரி. மாத்திரை அட்டையிலிருந்து உரித்துப் போடாதீர்கள். வெளியூரில் எந்த மருந்து என்று காட்ட அந்தப் பெயர் வேண்டும். வெயிலில் நிற்கும் பையின் உள்ளே சூடு மிக அதிகமாகும். இன்சுலினுக்குக் குளிர்காப்பு உறை கட்டாயம், ஐஸ்கட்டி நேராகத் தொடக் கூடாது. டாக்ஸிசைக்ளின், அமியோடரோன் போன்றவை தோலை வெயிலுக்கு எளிதில் பொசுங்க வைக்கும்; நீண்ட கைச்சட்டை போடுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வலியே இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்கசிவு பல மணி நேரம் கழித்தே தெரியலாம்.

பாதை

ஊருக்கு ஊர் நேர்கோட்டில் போவதைவிட, ஒரே விடுதியில் தங்கி நாளுக்கு ஒரு வட்டம் அடிப்பது முதல் பயணத்துக்குப் பொருத்தம். மூட்டை அறையிலேயே இருக்கும், மோசமான காலையில் கிளம்பாமலே இருக்கலாம், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நேராகத்தான் போக வேண்டும் என்றால், ரயில் அல்லது பேருந்துத் தடத்தை ஒட்டிய சாலையை எடுங்கள். சைக்கிளை ஏற்றுவார்களா என்று முன்பே கேளுங்கள். ஏறக்குறைய 10 கி.மீ.க்கு ஒரு இடம், நிறுத்திவிட்டு வண்டி பிடிக்க முடிகிற மாதிரி, வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. மாற்றிப் போனால் களைத்த பாதியில் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு காலையும்

கண் விழித்ததும் 5 நிமிடம் படுத்தபடியே இருந்து நாடித்துடிப்பும் பி.பி.யும் பாருங்கள். எழுந்து நின்று 3 நிமிடம் கழித்து மறுபடி. மேல் எண் 20 இறங்கினாலோ, துடிப்பு 30 ஏறினாலோ, தலை சுற்றினாலோ அன்று சைக்கிள் இல்லை. படுத்திருக்கும்போதே துடிப்பு உங்கள் வழக்கத்தைவிட 10 கூடியிருந்தால் காய்ச்சல் பாருங்கள், அன்றைக்கு ஓய்வு. இதயம் பலவீனமானவர்கள் எடையும் பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறியிருந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வழியில் பசிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 கிராம் மாவுச்சத்து. ஒரு பெரிய வாழைப்பழம் அந்த அளவைத் தரும். வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் 1 லிட்டர் நல்ல தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தண்ணீரையோ உப்பையோ குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் தங்கள் அளவை முன்பே கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

நெஞ்சில் அழுத்தம், மயக்கம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, படுத்தால் மூச்சு முட்டுவது, 38 டிகிரி காய்ச்சல்: இவற்றில் ஒன்று வந்தாலும் "அடுத்த ஊர் வரை போய்ப் பார்ப்போம்" என்று நினைக்காதீர்கள். நின்ற இடத்திலிருந்தே உதவிக்கு அழையுங்கள்.

தனியாக இருப்பதற்கான ஏற்பாடு

வீட்டில் ஒருவரிடம் ஒப்பந்தம்: கிளம்பும்போது ஒரு செய்தி, நண்பகலில் ஒன்று, சேர்ந்ததும் ஒன்று. சொன்ன நேரத்துக்கு மேல் 2 மணி நேரம் தகவல் இல்லையென்றால் அவர் யாரை அழைக்க வேண்டும், எந்த விடுதி, எந்தச் சாலை என்பது அவர் கையில் எழுத்தாக இருக்கட்டும். "போன் பண்ணுகிறேன்" என்ற பொதுப் பேச்சு வேலைக்கு ஆகாது. போனின் பூட்டுத் திரையிலும் ஹெல்மெட்டின் உள்ளேயும் நோய், மருந்து, ஒவ்வாமை, அழைக்க வேண்டிய எண். பயணக் காப்பீடு எடுத்தால் இருக்கும் நோயை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

மோசமான காலை ஒன்று வந்தால் அது ஓய்வு நாள். அடுத்தடுத்து இரண்டு வந்தால் ரயிலில் வீடு திரும்புங்கள். திரும்பிய பிறகும் மூன்று காலைகளைக் குறித்துவையுங்கள். அடுத்த பயணத்தின் நாள் அளவை அந்த மூன்றிலிருந்துதான் எடுக்க வேண்டும்.