இலவசம் வேறு, கட்டற்றது வேறு: ஓர் உரிமத்தை எடைபோடும் முறை

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துத் தமிழ்வழி மாணவர்களை மனத்தில் வைத்து நாங்கள் பதினொரு பேர் தொகுத்த தமிழ்–மலையாளச் சொற்பட்டியலை ஒரு லினக்ஸ் வழங்கலில் (இயங்குதளமும் மென்பொருள்களும் சேர்ந்து வரும் தொகுப்பு) சேர்க்க அனுப்பினோம். போன வேகத்தில் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் நாங்களே எழுதியிருந்த "கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற வரிதான் காரணம். தன்னார்வக் குழுக்கள் உரிமங்களை, அதாவது ஒரு படைப்பை வைத்து யார் என்ன செய்யலாம் என்று சொல்லும் அனுமதிகளை, எப்படி எடைபோடுகின்றன என்பதை அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

முதலில், "இலவசம்" என்ற சொல்லை மறந்துவிட்டு, மூலநிரலோடு (நிரலர் எழுதிய வடிவம்) வரும் உரிமக் கோப்பை முழுவதும் படியுங்கள். விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதால் வந்த குழப்பம் நமக்குத் தேவையில்லை. நாம் "கட்டற்ற" என்கிறோம், பக்கத்து வீட்டு மலையாளி "ஸ்வதந்த்ர" என்கிறார். உரிமக் கோப்பே இல்லையென்றால் அது பொதுச்சொத்து என்று கொள்ளக் கூடாது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யாவிட்டாலும் படைத்தவருக்கு உரிமை உண்டு.

அடுத்து, அளவுகோல். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நான்கு சுதந்திரங்களைக் கேட்கிறது: எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், படித்து மாற்றலாம், பிரதி கொடுக்கலாம், மாற்றியதையும் பரப்பலாம். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலை உருவாக்கும் தன்னார்வக் குழு 1997இல் தன் சமூக ஒப்பந்தத்தோடு, எது கட்டற்றது என்பதற்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. மறு ஆண்டு பிறந்த உரிமங்களுக்கு ஒப்புதல் தரும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பின் வரையறை அவற்றிலிருந்து வந்ததே.

எங்களைப் போன்றவர்கள் தடுக்கி விழுவது, யாருக்கு, எதற்கு என்று வரம்பு கட்டும் வரிகளில்தான். எந்த ஆளையும் எந்தத் தொழிலையும் விலக்கக் கூடாது என்பது டெபியன் நெறி. ஆகவே உரிமத்தைப் படிக்கும்போது பாலக்காட்டுச் சித்தூரின் கள்ளுக்கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்காரர் தம் கணக்கை இந்த மென்பொருளில் எழுதலாமா? வேலந்தாவளத்து ஜெராக்ஸ் கடைக்காரர் இதைப் பென்டிரைவில் ஏற்றி ஐம்பது ரூபாய்க்கு விற்கலாமா? ஒன்றுக்கு "கூடாது" என்று வந்தாலும் உரிமம் தேறாது. ஜேசான் (JSON) என்ற தரவு வடிவத்துக்கான நிரலோடு வந்த ஜேசான் உரிமம் தன் மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருந்தாலும், கள் நன்மையா தீமையா என்று யார் தீர்ப்புச் சொல்வது? அறக்கட்டளையும் டெபியனும் அதைக் கட்டற்றதாக ஏற்கவில்லை.

டெபியன்காரர்கள் ஆளில்லாத் தீவு ஒன்றையும் கற்பனை செய்வார்கள். தீவில் சிக்கியவர் தம் நண்பருக்கு மாற்றிய பிரதியைக் கொடுக்கிறார். மாற்றங்களை மூல ஆசிரியருக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று உரிமம் சொன்னால், அவரால் அதை நிறைவேற்ற முடியாது. அப்படிப்பட்ட உரிமம் தேறவில்லை என்று பொருள்.

எழுத்துருக்களில் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். பல எழுத்துருக்கள் வெளிவரும் ஓப்பன் ஃபான்ட் உரிமம், எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது என்கிறது. இது மேலே சொன்ன ஜெராக்ஸ் கடைச் சோதனையில் தோற்க வேண்டியது. ஆனால் ஏதேனும் ஒரு மென்பொருளோடு சேர்த்து விற்கத் தடையில்லை. "வணக்கம்" என்று காட்டும் நாலு வரி நிரலே போதும் என்பதால், தீங்கற்ற நிபந்தனை என்று அறக்கட்டளை அதை ஏற்றுக்கொண்டது. வரியின் தோற்றத்தைவிட, அது உண்மையில் எதைத் தடுக்கிறது என்றே பார்க்கிறார்கள்.

தீர்ப்பு ஒரே இடத்தில் வருவதில்லை. டெபியனில் புதிய பொதி (நிறுவத் தயாரான மென்பொருள் கட்டு) ஒவ்வொன்றின் பதிப்புரிமைக் கோப்பையும் களஞ்சியப் பொறுப்பாளர்கள் படித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பெரிய சச்சரவு என்றால் உறுப்பினர் வாக்கெடுப்பு. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையே வெளியிட்ட ஆவண உரிமத்தைக்கூட, மாற்றக் கூடாத பகுதிகள் இல்லாதபோது மட்டுமே கட்டற்றதாகக் கொள்வோம் என்று 2006இல் வாக்களித்தார்கள். 2018இல் தரவுத்தள மென்பொருள் செய்யும் மாங்கோடிபி நிறுவனம் எழுதிய எஸ்.எஸ்.பி.எல். உரிமம், மென்பொருளை இணையச் சேவையாகத் தருவோர் அச்சேவையின் முழு நிரலையும் வெளியிடச் சொல்கிறது; அதை ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸ் வழங்கல் ஏற்க மறுத்தது. ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவிடம் ஒப்புதலுக்கு வைத்ததை 2019இல் அந்த நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆகையால் சொந்தமாக உரிமம் எழுதாதீர்கள். குழுக்கள் ஏற்கெனவே ஏற்ற ஒன்றை வரி மாற்றாமல் வையுங்கள். நாங்கள் "கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்" வரியை நீக்கி, கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பிடல்–அதேபோல் பகிர்தல் 4.0 உரிமத்தை வைத்தோம். உரிமத்தை மாற்ற, சொல் தந்த அத்தனை பேரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். பத்துப் பேர் ஒரே வாரத்தில் எழுதிக் கொடுத்தார்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட பதினொன்றாமவரைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று.